சிவந்த குழாயை மாற்றினால் போதுமா?

காருக்கும் காய்ச்சல் வரும்!

மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். காருக்குக் காய்ச்சல் வந்தால் புகைக் குழாய் சுடும். சில நேரம் அந்தக் குழாய், கொல்லன் உலையில் வைத்த இரும்பு போலச் சிவந்துவிடும்.

காய்ச்சல் என்பது நோய் அல்ல. நோயின் அடையாளம். குழாய் சிவப்பதும் அப்படித்தான். நோய் வேறு எங்கோ இருக்கிறது.

ஆனால் பல பட்டறைகளில் என்ன நடக்கிறது? சிவந்த பாகத்தைக் கழற்றுகிறார்கள். புதிய பாகத்தை மாட்டுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு காரை அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் புதிய பாகமும் சிவக்கிறது!

இது வைத்தியம் அல்ல. பணத்துக்கும் கேடு. உயிருக்கும் ஆபத்து.

சூடு எங்கே பிறக்கிறது?

பெட்ரோல் என்ஜினுக்குள் எரியவேண்டும். எரிந்து முடிந்த புகைதான் குழாய்க்கு வரவேண்டும்.

அந்தக் குழாயின் வழியில் ஒரு டப்பா இருக்கிறது. அதற்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளே தேன்கூடு போலச் சின்னஞ்சிறு துளைகள். அவற்றின்மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைப் பூசியிருப்பார்கள். புகையில் உள்ள நச்சு வாயுக்களை இது மாற்றிவிடும்.

இந்த டப்பா வேலை செய்யும்போதே 400 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக இருக்கும். அது இயற்கை.

இப்போது ஒரு பிளக் பொறி விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரியாது. அப்படியே காற்றோடு சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் போகும். அங்கே போய் எரியும்! அடுப்பில் எரியவேண்டியது கூரையில் எரிந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். 1,400 டிகிரிக்கு மேல் போனால் தேன்கூடே உருகிவிடும். உருகியது வழியை அடைக்கும். புகை வெளியே போக முடியாது. என்ஜின் மூச்சுத் திணறும். காரின் வேகம் குறையும். சூடு இன்னும் ஏறும்.

வேறு காரணங்களும் உண்டு. பெட்ரோல் அளவுக்கு மேல் பாய்ந்தாலும் குழாய் சிவக்கும். பொறி தாமதமாக விழுந்தாலும் சிவக்கும். ஏன்? எரிந்து முடிவதற்குள் கதவு திறந்துவிடுகிறது. நெருப்பு குழாய்க்குள் ஓடுகிறது.

ஆக, சிவப்பது ஒரு இடம். கெட்டது வேறு இடம்.

கண்டுபிடிப்பது கஷ்டமா?

இல்லை. கார் தானே சொல்கிறது!

டிரைவரின் முன்னால் என்ஜின் படம் போட்ட விளக்கு ஒன்று உண்டு. அது நிலையாக எரிந்தால், "என்னைக் கவனி" என்று பொருள். விட்டு விட்டு மின்னினால், "பெட்ரோல் எரியாமல் போகிறது; கன்வெர்ட்டர் கெடுகிறது" என்று பொருள். உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும். ஓரமாக நிறுத்தவேண்டும்.

அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த ஏற்பாடு கட்டாயம் ஆனது. ஒரு சிறு கருவியைக் காரில் சொருகினால் குறி எண் வரும். "பி 0301" என்று வந்தால் முதல் சிலிண்டரில் கோளாறு. "பி 0302" என்றால் இரண்டாவது சிலிண்டர்.

அந்தச் சிலிண்டரின் காயிலை எடுத்து அடுத்த சிலிண்டரில் மாட்டிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே போனால் காயில் கெட்டது. போகாவிட்டால் பிளக்கைப் பார்க்கவேண்டும். பிறகு பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரைப் பார்க்கவேண்டும்.

இன்னொரு வழி. என்ஜினை ஓட்டிய சிறிது நேரத்தில், ஒவ்வொரு சிலிண்டரின் குழாயையும் சூடு காட்டும் கருவியால் பார்க்கலாம். எல்லாம் சுடும். ஒன்று மட்டும் ஆறிக் கிடக்கும். அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

வேடிக்கையைப் பாருங்கள். குற்றவாளி குளிர்ந்து கிடக்கிறான். பாவம், கன்வெர்ட்டர் பழி சுமந்து வேகிறது!

"பந்தயக் கார் சிவக்காதா?"

சிலர் கேட்பார்கள். "அதிவேகக் கார் என்றால் குழாய் சிவக்கத்தானே செய்யும்?" என்று.

கேள்வி நியாயமானது. பந்தயத் திடலில் முழு வேகத்தில் ஓடும் டர்போ காரின் குழாய் சிவக்கும். அதில் தவறு இல்லை. ஆனால் சும்மா நிற்கும்போது சிவந்தால்? கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது சிவந்தால்? அது வேகத்தின் அழகு அல்ல. நோயின் கொடி.

இன்னும் சிலர், "கன்வெர்ட்டரையே வெட்டி எறி" என்கிறார்கள். தலைவலிக்குத் தலையை வெட்டுகிற யோசனை இது! எரியாத பெட்ரோல் அப்போதும் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். என்ஜின் தேயும். நச்சுப் புகை தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூக்கில் ஏறும்.

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன?

இத்தாலி நாட்டின் பெராரி கம்பெனியைப் பாருங்கள். 2010-ம் ஆண்டில் அதன் "458 இத்தாலியா" கார்கள் சில தீப்பிடித்தன. காரணத்தைத் தேடினார்கள். பின்சக்கர வளைவில் பூசிய பசை, சூட்டில் புகைந்து தீப்பற்றுவதைக் கண்டார்கள். 1,248 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பசைக்குப் பதிலாக உலோகப் பிடிப்புகளைப் போட்டார்கள்.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2014-ம் ஆண்டில் ஐரோப்பாவில் அதன் "911 ஜி.டி.3" கார்கள் இரண்டு எரிந்தன. "காரை ஓட்டாதீர்கள்" என்று கம்பெனியே சொன்னது. ஆராய்ந்ததில், கனெக்டிங் ராடின் ஒரு திருகு தளர்வது தெரிந்தது. தளர்ந்த ராடு என்ஜினின் கூட்டை உடைத்தது. எண்ணெய் கசிந்தது. தீப்பிடித்தது.

ஒரு திருகுதான்! ஆனால் 785 கார்களுக்கும் புதிய என்ஜினே போட்டுக் கொடுத்தார்கள்.

எரிந்த இடத்தைத் துடைத்து வர்ணம் பூசியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. மூலத்தைத் தேடினார்கள். அதுதான் யோக்கியமான வழி.

நம் வீட்டுக் காருக்கும் இதுவே

"இது கோடீசுவரர்கள் கதை" என்று தள்ளிவிடாதீர்கள். சென்னை உள்பட 4 பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-ம் ஆண்டிலேயே கன்வெர்ட்டர் கட்டாயம் ஆகிவிட்டது. நம் வீட்டுக் காரின் அடியிலும் அந்த அடுப்பு இருக்கிறது. அதனால் காய்ந்த புல்மேலும், வைக்கோல்மேலும் காரை நிறுத்தக்கூடாது.

அடுத்த தடவை மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

"குறி எண் என்ன வந்தது?"

"இந்தப் பாகம் ஏன் கெட்டது?"

"அந்தக் காரணத்தைச் சரி செய்தாகிவிட்டதா?"

நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பதில் சொல்லாதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

காருக்குள் உட்காருவது உங்கள் மனைவி, மக்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு!