எந்தக் கருவியில் மடல் படிப்பது?

மின்னஞ்சல் படிக்க எந்தக் கருவியாயினும் போதும் என்பர் நண்பர் பலர். நான் உடன்படேன். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்ததே ஒரு செய்திக்குழுவில்தான். அதன் கெர்னலைத் திருத்துவோர் இன்றும் மடல்களிலேயே வாதிடுகின்றனர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் குவியும். கேள்வியையும் மறுமொழிகளையும் கிளை கிளையாகக் காட்டாத கருவியில் அவற்றைப் படிப்பது, தாள் கலைந்த நூலைப் படிப்பது போன்றதே.

எழுதுவதோ இன்னும் தொல்லை. சென்ற பருவத்தில் நான் அனுப்பிய முதல் திருத்தம் திரும்பி வந்தது. நிரலில் பிழையில்லை, உலாவியில் எழுதிய மடல், டேப்களை வெற்றிடங்களாக்கி வரிகளையும் முறித்திருந்தது! இரண்டு இரவு உழைப்பு. (விடுதித் தோழர்கள் சிரித்ததை எழுதப்போவதில்லை.)

தண்டர்பேர்ட் மடலையும் செய்திக்குழுவையும் சேர்த்தே காட்டும். அதிலும் வரி முறிப்பை நாமே நிறுத்தியாக வேண்டும். மட் என்னும் கருவிக்கு அழகில்லை, விசைகளைப் பழகவே எனக்கு ஒரு வாரமாயிற்று. ஆயினும் எழுதியதை எழுதியபடியே அனுப்புகிறது. என் ஓட்டு அதற்கே.