நாற்பதாண்டு வரிவிலக்கும் ஏழு பேர்ச்சஸ் காணியும்

இலங்கையைச் சிங்கப்பூராக்குவோம் என்ற பேச்சைப் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வருகிறேன். அண்மைக்காலமாக என் நண்பர்களிற் சிலர் சிங்கப்பூரைக் கைவிட்டு அயர்லாந்துக்கு மாறியிருக்கிறார்கள். அதுவும் சிறிய தீவு. அதுவும் ஆங்கிலேயர் ஆண்ட நாடு. பசியால் மக்கள் கப்பலேறிய நாடு. நிறுவன வரியை 12.5 வீதமாகக் குறைத்தது, அமெரிக்கக் கம்பனிகள் வந்து குவிந்தன, நாமும் அதையே செய்தால் போதும் என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

அந்த வரிவீதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2003இல். இன்டெல் நிறுவனம் அங்கு கால் பதித்ததோ 1989இல். அதற்கும் முன்னர், 1967இல், அந்த நாடு இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. தொலைவிலிருந்த பிள்ளைகளுக்குப் பேருந்தும் விட்டது. 1973இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. வரிச் சலுகை அங்கும் பழையதுதான். ஆனால் படித்த ஒரு தலைமுறையும் பெரிய சந்தையும் அதனோடு சேர்ந்தபோதுதான் அதற்குப் பலன் கிடைத்தது. அந்த நாட்டின் மறுபக்கத்தையும் நண்பர்கள் சொல்வதில்லை. 2010இல் வங்கிகள் சரிந்து சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் அதுவும் நின்றது. ஆப்பிள் நிறுவனத்திடம் 1,300 கோடி யூரோ வரியை அறவிடுங்கள் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் உத்தரவிட்டபோது, எமக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்காடியது! 2024இல் தோற்ற பிறகே பணத்தை வாங்கிக்கொண்டது. தன் வீட்டுக்கு வரவேண்டிய காசை வேண்டாமென்று வழக்குப் பேசிய குடித்தனக்காரனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிற்க. வரியைக் குறைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்தோம். 2019 இறுதியில் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வெட்டினோம். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தோம். வரி வெட்டு ஒன்றே காரணமல்ல. ஆனால் கஜானாவின் அடியைத் தட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இடையில் 2021இல், கடலை நிரப்பி உருவாக்கிய கொழும்புத் துறைமுக நகரத்தில் 40 ஆண்டுகள் வரை வரிவிலக்கு வழங்கச் சட்டமும் செய்தோம்.

அந்நிய முதலீட்டால் ஒரு மண்ணில் என்ன மிஞ்சும் என்பதை அறிய டப்ளினுக்குப் போக வேண்டியதில்லை. கந்தப்பளைக்குப் போனாற் போதும். இந்தத் தீவின் முதல் முதலீட்டு வலயம் கட்டுநாயக்க அன்று, மலைநாடுதான். பிரித்தானியக் கம்பனிகளின் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய பாதையில் ரயில் விட்டார்கள். லொறி மலிவானதும் ரயில் நட்டம் காட்டியது. 1940களில் பாதையையே மூடிவிட்டார்கள். பெட்டிக்கு ரயில் விட்டவர்கள் ஆளுக்கு விட்டுப்போனது பத்தடி அறையுள்ள லயத்தைத்தான்.

1948இல் அந்த ஆளின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது கம்பனிகள் நட்டஈடு பெற்றுப் போயின. கொழுந்து பறித்தவர்களிற் பலருக்கோ சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னார்க் கப்பல் கிடைத்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயிற்று. பின்னர் 2045 வரையான 53 ஆண்டுக் குத்தகை. தொடக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக் குத்தகை எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய். 1996இல் அதைத் திருத்தி உயர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும், ஒரு மலையையே ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுக்க மனம் வந்த அரசுக்கு, அதே மலையில் நான்கைந்து தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கொடுக்கலாம் என்று தீர்மானிக்க 2015 வரை ஆயிற்று. தீர்மானித்தும் உறுதிப்பத்திரம் பலருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. வீடு கட்டவும் இந்திய உதவியையே எதிர்பார்க்கிறோம். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். கம்பனிகளோ அரசோ தம் கணக்கில் செய்திருக்கவேண்டிய வேலை அது.

கம்பனிகள் சொல்வதிலும் உண்மை இல்லாமலில்லை. உற்பத்திச் செலவு அதிகம்; செடிகள் முதிர்ந்துவிட்டன; 2021இல் ஓர் அரசு இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து அவர்களையும் சேர்த்தே அடித்தது. ஆனால் 2024இல் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்க வர்த்தமானி வந்தவுடன் வழக்குக்குப் போனார்களே, அந்த வேகத்தை மறுநடுகையில் எத்தனை பேர் காட்டினார்கள்? இழுபறியின் முடிவில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயில் நின்றது. தேயிலைக்கு எதிர்காலம் இல்லை என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், இலங்கையின் பிரவுண்ஸ் குழுமம் கென்யாவில் லிப்டனின் தோட்டங்களை வாங்க உடன்பட்டது. தேயிலைக்கு எதிர்காலம் இருக்கிறது போலும். மலையகத் தொழிலாளிக்குத்தான் இல்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் அழகான ஹொட்டேலாக இயங்குகிறது. அதன்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. பாழடைய விடாமல் காத்தார்களே. வெளிநாட்டு விருந்தினர் அங்கிருந்து பார்க்கும் பச்சைச் சரிவில்தான் லயங்களும் இருக்கின்றன. அங்குள்ள பையன் கொழும்பில் புடவைக்கடைச் சிப்பந்தியாகவோ வளைகுடாவில் சாரதியாகவோ போகிறான். அயர்லாந்தை மேற்கோள் காட்டுவோர் முதலில் இந்தப் பையனுடைய பாடசாலையின் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்கட்டும். 1967இல் டப்ளின் தொடங்கிய இடம் அதுதான்.

2045 தொலைவில் இல்லை. குத்தகை நீட்டிப்பைப் பற்றிய பேச்சு அதற்கு வெகு முன்னரே மேசைக்கு வரும். புதிய முதலீட்டாளர்களும் வருவார்கள், வரட்டும். அந்த மேசையில் லயத்து ஆட்களுக்கும் நாற்காலி போடவேண்டும். வீட்டுக்காணிக்கு உறுதிப்பத்திரம் கொடுத்து முடித்த தோட்டத்துக்கு மட்டுமே புதுக் குத்தகை என்று எழுதவேண்டும். எழுத மறுக்கும் அமைச்சர் எவராயினும், அவர் பெயரை இந்தப் பக்கத்தில் நான் எழுதுவேன்.