கோமாளிகளும் பொன்மணியும்: பிரித்துப் பார்த்த பிழை

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் இரு தீர்ப்புகள் தவறாது முன்வைக்கப்படுகின்றன. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோமாளிகள்’ மலினமான சிரிப்பு, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொன்மணி’ உயர்ந்த கலை என்பது விமர்சகர் தீர்ப்பு. முன்னையது ஓடியது, பின்னையது ஓடவில்லை, ஆகவே மக்கள் முடிவு கூறிவிட்டனர் என்பது வணிகர் தீர்ப்பு. முதலாவது மக்களை இகழ்கிறது. இரண்டாவது மக்களின் பெயரால் பேசுகிறது. எனினும் மக்களின் இரசனை என்றும் மாறாத ஒன்று எனக் கொள்வதில் இரு சாராரும் ஒருவரே. இக்கோட்பாடு மறுக்கப்படவேண்டியது. மறுப்பதற்கான எளிய வழி, இவ்விரு படங்களையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், அடுத்தடுத்துப் பார்ப்பதேயாகும்.

‘கோமாளிகள்’ இலங்கை வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து திரைக்கு வந்தது. எஸ். ராமதாஸின் மரைக்காரும், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டியும், எஸ். செல்வசேகரனின் உபாலியும், பி. எச். அப்துல் ஹமீதின் ஐயரும் வெவ்வேறு தமிழ் பேசினர். முஸ்லிம் மக்களின் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும், சிங்களவர் வாயில் வழங்கும் தமிழும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன. சென்னைப் படங்கள் ஈழத்தவருக்கு ஒருபோதும் அளித்திராத அனுபவம் இது. கொட்டாஞ்சேனைத் தெருவொன்றில் நாள்தோறும் கேட்கும் பேச்சு திரையில் ஒலித்தபோது மக்கள் சிரித்தனர். அதனை மலினம் என்று ஒதுக்குவோர், மக்கள் எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்று கேட்கவே இல்லை.

ஆயினும் அச்சிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. பேச்சு வேறுபாட்டை அது வேடிக்கையாக்கியது. அவ்வேறுபாட்டின் பின்னே நிற்கும் சமூக ஏற்றத்தாழ்வை அது தொடவில்லை.

தொட்டது ‘பொன்மணி’. சிங்களத் திரையுலகில் ‘அஹஸ் கவ்வ’ (1974) மூலம் அறியப்பட்ட தர்மசேன பத்திராஜ இயக்கிய ஒரே தமிழ்ப் படம் அது. திரைக்கதை காவலூர் இராசதுரையுடையது. சீதனத்துக்கு வழியற்ற யாழ்ப்பாணக் குடும்பம், மணமாகாது காத்திருக்கும் பெண், சாதி எல்லையைக் கடக்க முனைவோர் செலுத்தும் விலை ஆகியவற்றை அது உரத்த வசனமின்றிக் காட்டியது. வில்லனைத் தேடிய பார்வையாளருக்கு வில்லன் கிடைக்கவில்லை. குற்றவாளி அவர்கள் வாழ்ந்த வீட்டின் ஒழுங்குமுறையே என்பதை ஏற்க அவர்கள் ஆயத்தமாயிருக்கவில்லை. அமைதியும் நிதானமும் மிக்க அப்படம் தன் பார்வையாளரைச் சென்றடையுமுன்னரே திரையிலிருந்து அகன்றது.

அடுத்தடுத்துப் பார்க்கும்போதே ஒன்றின் குறையை மற்றொன்று காட்டுகிறது. முன்னையதிடம் மக்கள் இருந்தனர், கேள்வி இருக்கவில்லை. பின்னையதிடம் கேள்வி இருந்தது, மக்கள் இருக்கவில்லை. இவ்விரண்டும் இணையும் மூன்றாவது படத்தை எதிர்நோக்கியிருக்கவேண்டிய வேளையில், விமர்சகர் ஒன்றைப் புகழ்ந்தும் வணிகர் மற்றதைப் புகழ்ந்தும் காலங்கழித்தனர்.

இதற்கான பழியை இரசனைமீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்ளூர்த் தயாரிப்புக்கு மூச்சுவிட இடமளித்தது. செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ 1978இல் படமாயிற்று. ஆனால் 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தின் வாயில்கள் அகல, தென்னிந்தியப் படங்களின் பெருக்கோடு சிறு முதலீட்டாளர் போட்டியிட இயலவில்லை. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. மூலப்பிரதிகள் பலவும் அங்கு சாம்பராயின. மக்கள் விரும்பாததால் ஈழத்துத் தமிழ்ச் சினிமா மடிந்தது என்று கூறுவோர் இந்நெருப்பை மறைக்கின்றனர்.

அது பழங்கதை என்பாரும் உளர். இன்று வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் திருமணப் பேச்சு எழும்போது சீதனக் கணக்கு மறைந்துவிட்டதா? சாதி விசாரணை நின்றுவிட்டதா? நிற்காதவரை ‘பொன்மணி’ பழங்கதையன்று. முஸ்லிம் மக்களும் மலையகத்தவரும் வடக்கத்தியாரும் கலந்து வாழும் தலைநகரில் ஒருவர் தமிழை மற்றவர் இன்றும் ஏளனஞ் செய்யும்வரை ‘கோமாளிகள்’ எழுப்பிய சிரிப்பும் ஆய்வுக்குரியதே.

பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் இரவுகளை ஒதுக்கும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள், கிடைக்கும் பிரதிகளைத் தேடியெடுத்து, இவ்விரு படங்களுக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கவேண்டும். முதற்படம் முடிந்ததும் பாதிப்பேர் எழுந்து சென்றுவிடுவர் எனச் சிலர் அஞ்சலாம். செல்லட்டும். எஞ்சியோர் எவ்வளவு பேர், அவர்கள் என்ன பேசினர் என்பதைப் பதிவுசெய்க. மக்களைக் கேளாமலே அவர்கள் பெயரில் எழுதப்பட்ட இரு தீர்ப்புகளைவிட அப்பதிவு பெறுமதி மிக்கதாயிருக்கும்.