222 மில்லியன் எண்டா பெரிய ஆட்டக்காரனா?

உதைபந்தாட்ட வீரரின் விலையைக் காட்டி அவரது திறமையை நிறுவ வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். 2017இல் நெய்மாருக்குக் கட்டப்பட்ட 222 மில்லியன் யூரோ, பார்சிலோனாவுடனான ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை. கட்டார் பணமுள்ள பரிஸ் கழகம் கட்டியது, அவ்வளவுதான்.

2022 உலகக்கிண்ண இறுதியில் மூன்று கோல் அடித்த எம்பாப்பே, 2024இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மட்ரிட்டுக்குப் போனார். பரிஸுக்குக் கிடைத்த மாற்றுக் கட்டணம் பூச்சியம். அப்ப அவருக்கு ஆடத் தெரியாதோ?

1995 பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கழகம் விலை கேட்க முடியாது. திறமையும் வயதும் விலையைக் கூட்டும், குறைக்கும். ஆனால் கழகம் விற்பது கட்டிவைத்திருக்கும் கயிற்றை. கயிறு அறுந்தால் விலையும் போச்சு.

ஆட்டத்தை அளக்க வேணுமெண்டா ஆட்டத்தைப் பாருங்கோ.