கட்டுச்சோற்றுக்கு அனுமதி இல்லை

டெயில்கேட் என்றால் வண்டியின் பின்பக்கக் கதவு. லாரிக்கு பாடி கட்டியே நாடு முழுக்கப் பேர் வாங்கிய நாமக்கல்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்தக் கதவுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. கால்பந்து மேட்ச் நடக்கும் நாளில் (அவர்கள் ஊர்க் கால்பந்து, காலால் உதைப்பது கொஞ்சம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம்) மூன்று, நான்கு மணி நேரம் முன்பே ஜனங்கள் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்து போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, இறைச்சி சுடுகிறார்கள். பக்கத்து வண்டிக்காரர் யாரென்றே தெரியாது. அவருக்கும் ஒரு தட்டு போகிறது. இதன் பெயர் டெயில்கேட்டிங்.

'அடடா, என்னமா ரசிக்கிறான் வெள்ளைக்காரன்' என்று வாயைப் பிளக்காதீர்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு மோகனூர் பக்கமோ பரமத்தி வேலூர் பக்கமோ காவிரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது டெம்போவும் ஆம்னி வேனும். புளிசோறு, எலுமிச்சை சோறு, தயிர் சோறு. 'ஏனுங்க, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க' என்று முன்பின் தெரியாதவர் இலையில் பரிமாறுகிற ஊர் இது. கிராமத்துக் கபடிக்கு வாருங்கள். விடிய விடிய ஆட்டம். டியூப் லைட்டும் மைக் செட்டும் கட்டி, ஊரே வசூல் போட்டு நடத்துகிறது. டிக்கெட் கிடையாது. உள்ளூர் அணி தோற்றால் டீக்கடையில் மூன்று நாளைக்கு அதே பேச்சு. ஆட்டத்தைத் தன்னுடையதாக நினைக்கிற கூட்டம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது.

இதே ஜனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் போனால் என்ன நடக்கிறது?

ஒருமுறை நானே பார்த்தேன். எந்த மைதானம் என்பது வேண்டாம். நாமக்கல்லிலிருந்து என்னோடு வந்த அக்கா ஒருத்தர், விடிகாலை எழுந்து கிளறிய புளிசோற்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்தார். வாசலில் பையைத் தடவிய செக்யூரிட்டிப் பையன், 'வெளிச்சாப்பாடு நாட் அலவ்டுங்க' என்றான். தண்ணீர் பாட்டிலும் போச்சு. அக்கா பதில் பேசவில்லை. டப்பாவைத் திறந்து, அங்கேயே நின்றுகொண்டு அவனுக்கு இரண்டு கவளம் கொடுத்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டினார். உள்ளே போனால் ஆறிப்போன பப்ஸ், வெளியில் விற்பதைப் போல மூன்று மடங்கு விலையில். நான் பி.காம். படித்தவன்; இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியும். 'பாதுகாப்பு' என்று ஏட்டில் எழுதி, வரவை கேன்டீன் குத்தகையில் வைப்பது.

சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்த காலத்து மனிதர்களைக் கேளுங்கள். டிபன் கேரியரோடு அஞ்சு நாளும் போய் உட்கார்ந்தவர்கள். லஞ்ச் இடைவேளையில் மாமாவின் ஊறுகாய் அடுத்த வரிசைக்குப் போகும். 1999 ஜனவரியில் 12 ரன்னில் ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது அந்த மைதானத்துக் கூட்டம்தான். சோற்றுக்கும் கைதட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, சார். பக்கத்தில் இருப்பவனோடு ஐந்து நாள் சாப்பிட்டவனுக்கு எதிரணியும் விருந்தாளியாகத் தெரிவான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சினிமா தியேட்டர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெளிச்சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது. தீர்ப்பு தியேட்டருக்குத்தான். ஆனாலும் கேட்கிறேன். இரண்டரை மணி நேரம் ஏ.சி.யில் உட்காருகிறவனுக்கு இருக்கிற தண்ணீர் உரிமை, நாலு மணி நேரம் வெக்கையில் காய்கிறவனுக்குக் கிடையாதா?

இங்கே அமெரிக்காவை இன்னொரு தரம் இழுக்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். நம் நாமக்கல் அளவுதான். 1919-ல் அங்கே இருந்த ஒரு கறி டப்பா கம்பெனி சட்டை வாங்கக் காசு கொடுத்ததால் அந்த ஊர் அணிக்கு 'பேக்கர்ஸ்' என்று பெயர். அதாவது, டப்பாவில் அடைப்பவர்கள்! 1923 முதல் அந்த அணி ரசிகர்களின் சொத்து. ஐந்து லட்சத்துக்கும் மேலான பங்குதாரர்கள். பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆனாலும் 2021-ல் ஒரு பங்கு 300 டாலர் என்றபோது அடித்துப் பிடித்து வாங்கினார்கள். என் காலேஜ் வாத்தியார் இருந்தால் 'முட்டாள்தனமான முதலீடு' என்றிருப்பார். அந்த ஊர்க் கார் நிறுத்துமிடத்தில் சாசேஜ் சுடுகிறவர் அணியின் முதலாளி. அவரை எந்தச் செக்யூரிட்டி தடவுவான்?

நம்ம பக்கம் வாருங்கள். டி.என்.பி.எல்.லில் 2016-ல் திருவள்ளூர் வீரன்ஸ் என்று ஒரு அணி இருந்தது. 2018-ல் அதுவே காஞ்சி வீரன்ஸ். பிறகு அதுவே சேலம் ஸ்பார்ட்டன்ஸ். பெயர்ப் பலகையை மாற்றினால் ரசிகன் முளைத்துவிடுவான் என்று நம்பிக்கை. சேலத்துக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று யாராவது சொன்னால் தேவலை. டப்பா கம்பெனி பெயரை ஒரு நூற்றாண்டாகப் பெருமையாகச் சுமக்கிற ஊரும் இருக்கிறது. தினமும் முட்டை விலை நிர்ணயிக்கும் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரேக்கத்துக்குப் போகிறோம் நாம்.

உள்ளூர்ப் பாசம் இல்லாத பூமியா இது? 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய நடராஜனை சின்னப்பம்பட்டி ஜனங்கள் சாரட்டில் ஏற்றி, மேளம் முழங்க அழைத்துப் போனார்கள். யாரும் டிக்கெட் விற்கவில்லை.

'கூட்டத்தை வெளியே உட்கார விட்டால் நெரிசல் வரும், போலீஸ் ஒப்புக்கொள்ளாது' என்பார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர் நசுங்கிச் செத்தார்கள். அவர்கள் உட்கார்ந்து சோறு தின்றதாலா? உட்கார இடமில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவை முட்டியதால். நான்கு மணி நேரம் முன்பே வந்து, நிழலில் சாப்பிட்டு, மெதுவாக உள்ளே போகிற கூட்டம் எதற்குக் கதவை முட்டப்போகிறது? வாழப்பாடி மைதானத்தில் 2022 முதல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. அடுத்த தரம் நாலு பந்தல், பத்துத் தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, பெண்களுக்குக் கழிப்பறை போட்டுப் பார்க்கட்டும். ஸ்பான்சர் போர்டில் ஒன்றைக் குறைத்தாலே செலவு கட்டும்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் வரும், எனக்குத் தெரியும். 'நம்மாளுக்கு இடம் கொடுத்தால் டாஸ்மாக்கைத்தான் கொண்டுவருவான்.' அமெரிக்காவிலும் பீர் ஆறாகத்தான் ஓடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் ஆடிப்பெருக்கில் நான் பார்த்தது வேறு. பொம்பளைகளும் குழந்தைகளும் நடுவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பாட்டில்காரன் புதர் தேடிப் போகிறான். நம் கபடி ராத்திரிகளில் அவன் புதர் தேடுவதில்லை. ஏனென்றால் அங்கே பெண்கள் உட்கார இடமே போடுவதில்லை. ஸ்டேடியத்துக்காரரைத் திட்டுகிற நம் ஊர்க் கபடிக் கமிட்டிகள் முதலில் அந்த இரண்டு வரிசை நாற்காலியைப் போடட்டுமே. அக்கா புளிசோறு கொண்டுவரத் தயாராகத்தான் இருக்கிறார்.