பாலம் என்கிற சால்ஜாப்பு

துருக்கி நாவல் என்றதும் நம்மாட்கள் ரெடியாக வைத்திருக்கும் வாக்கியம்: 'கிழக்கும் மேற்கும் சந்திக்கும் பாலம்.' பின்னட்டையில் இருந்தால் போகட்டும். விமர்சனத்திலுமா? அந்த நாவல்களில் அடித்துக்கொள்வது இரண்டு திசைகள் அல்ல, ஒரே ஊர்க்காரர்கள்.

1925-ல் தொப்பிச் சட்டம். 1926 முதல் புதிய நாட்காட்டி. 1928-ல் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து. மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், பழைய டேட்டாவை அடுத்த தலைமுறை திறக்கவே முடியாதபடி செய்த மைக்ரேஷன் இது. செய்தது ஐரோப்பா இல்லை, அங்காரா.

அஹ்மத் ஹம்தி தன்பினார் இதைத்தான் கிண்டலடித்தார். அவர் நாவலில் கடிகாரம் தப்பாக ஓடினால் அபராதம் போட ஓர் அலுவலகம். அதைக் கலைத்த பிறகும் ஊழியர்களுக்கு வேலை போவதில்லை. கலைக்கும் பணிக்கே நிரந்தரக் குழு அமைகிறது!

மேற்கின் மீது மயக்கமே இல்லையா? இருக்கிறது. ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலில், 1591-ன் இஸ்தான்புல் ஓவியர்கள் வெனிஸ் பாணியைக் கண்டு மிரள்கிறார்கள். ஆனால் அந்தப் பாணியில் ரகசியமாக வரையச் சொல்வது சுல்தான். கொலை செய்பவன் சக ஓவியன். 'பனி'யில் கார்ஸ் நகர நாடக மேடையிலிருந்து பார்வையாளர்களைச் சுடுவதும் உள்நாட்டுச் சிப்பாய்கள்தான்.

பாலத்துக்கு இரண்டு கரைகள் உண்டு. மேல், கீழ் கிடையாது. இந்த நாவல்களில் இருப்பதோ மேலும் கீழும்தான். 'பாலம்' என்று எழுதிவிட்டால் உத்தரவு போட்டது யார், அடி வாங்கியது யார் என்று கேட்கவே வேண்டாம் பாருங்கள். அதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம்.