பொன்னுக்கும் எடை உண்டு

'பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும்' என்பார்கள். வாய் திறப்பதோடு நில்லாமல், பிணம் எழுந்து வாளோடு துரத்தியும் வருகிற விளையாட்டு ஒன்று உண்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974இல் வெளிவந்தது. பலகையும் காயும் இல்லாமலே ஆடலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் போர்வீரனாகவும் திருடனாகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்" என்று வாயால் சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். நிலவறைக்குள் இறங்கிப் புதையலோடு மீள்வதே பெரும்பாலும் நோக்கம்.

எங்கள் விடுதியில் ஆறு பேர் ஓராண்டாக இதை ஆடி வருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதையலை எண்ணாமலும் எடை பார்க்காமலும் ஆடுகிறவர்கள் இந்த விளையாட்டின் உயிரையே இழக்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதலில் ஆடியது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதிலும் 50 காசு ஒரு பவுண்டு என்று விதி இருக்கத்தான் செய்கிறது. "கணக்கு வகுப்பா இது?" என்று அதைத் தள்ளிவிட்டோம். விளைவு என்ன? 4,000 பொற்காசு கிடைத்தது என்று நோட்டில் எழுதுவோம். மறுவாரம் அது யார் நோட்டில் இருக்கிறது என்றுகூட நினைவிராது. அந்தப் பதிப்பில் அனுபவப் புள்ளி பெரும்பாலும் எதிரிகளை வீழ்த்துவதில் கிடைக்கிறது. கோப்ளின் என்னும் குட்டிப் பூதத்துக்கு 50 புள்ளி. இரண்டாம் படிக்கு ஏற 300 புள்ளி. ஆறு பூதங்களைக் கொன்றால் ஒருவன் உயர்ந்துவிடுகிறான். எனவே கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினோம்.

பிறகு மூத்த மாணவர் ஒருவர் 1981ஆம் ஆண்டின் அடிப்படைத் தொகுப்பைக் கொண்டு வந்தார். அங்கே கணக்கு தலைகீழ். ஒரு பொற்காசு மதிப்புள்ள புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டு வந்தால் ஓர் அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்றால் வெறும் 5 புள்ளி. போர்வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2,000 புள்ளி தேவை. வெட்டியே ஏறுவதென்றால் 400 பூதங்கள்! ஆகவே அறிவுள்ளவன் வெட்டமாட்டான். ஒளிந்து போவான், பேரம் பேசுவான், இரை போட்டு ஏமாற்றுவான். இந்த விதி 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் விருப்ப விதியாகச் சுருங்கி, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைந்தே போயிற்று. பொன்னைப் புள்ளியாக்குவது பேராசையைக் கற்பிக்கும் என்று சிலர் சொல்லலாம். கொலையைப் புள்ளியாக்குவது எதைக் கற்பிக்கும் என்று அவர்களைத் திருப்பிக் கேட்பேன்.

மேலும், பேராசைக்கு உரிய தண்டனை அந்தப் பழைய நூலிலேயே இருக்கிறது. அதுதான் எடை. அங்கே பத்துக் காசு ஒரு பவுண்டு. அதாவது ஒரு காசு ஏறத்தாழ 45 கிராம்; ஐந்தரைப் பவுனுக்கும் மேல்! (இயற்பியல் மாணவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொன்னும் செம்பும் ஒரே எடை என்றால், அடர்த்தியின்படி செப்புக்காசு பொற்காசைப் போல இரு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்க வேண்டும். நூல் அதைக் கண்டுகொள்ளவில்லை.) 400 காசு எடை வரை சுமப்பவன் பத்து நிமிடத்தில் 120 அடி நடப்பான். 800 காசைத் தாண்டினால் 30 அடிதான். 1,600ஐத் தாண்டினால் அசையவே முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஆறில் ஒரு பங்கு வாய்ப்பில், ஏதேனும் ஒரு ஜந்து எதிர்ப்படும். தீப்பந்தம் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். சுமை கூடக் கூட நடை குறையும். நடை குறையக் குறைய ஆபத்து கூடும். எதை எடுப்பது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதே கேள்வியாகிறது.

இது எனக்குப் புத்தகத்தால் விளங்கவில்லை. சென்ற பருவத்தில் ஒரு நாள், இரண்டாம் தளத்துக் கல்லறையில் 900 பொற்காசும், 600 பொற்காசு மதிப்புள்ள ஒரு மாலையும், பெட்டி நிறையச் செப்புக்காசும் கண்டோம். திருடனாக ஆடிய நண்பன் வாசலில் காவல் நின்றான். நான் செப்புக்காசையும் விடாமல் கோணிப்பையில் அள்ளினேன். இருபது நிமிடம் அதிலேயே போயிற்று. எலும்புக்கூடுகள் வந்தன. திருடன் வாசலிலேயே மாண்டான். செம்பை அங்கேயே கொட்டிவிட்டு நாங்கள் நால்வரும் ஓடித் தப்பினோம். என் தந்தை சந்தையில் மூட்டை தூக்குபவர். எடை மனிதனை என்ன செய்யும் என்பது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? தாளில் எழுதிய எடை ஆதலால் மறந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. 1,500 பொற்காசு மதிப்பை ஐந்தாகப் பங்கிட்டால் ஆளுக்கு 300. நான்காகப் பங்கிட்டால் 375. "நான்காக்குவோம்" என்று முதலில் சொன்னவன் நான்தான். உயிரோடு மீண்டவர்களுக்கே அனுபவப் புள்ளி என்று நூலில் இருந்ததைக் காட்டினேன். நண்பன் ஒன்றும் வாதாடவில்லை. "அது நான் காவல் நின்ன காசுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். ஒரு வாரம் மெஸ்ஸில் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வெறும் விளையாட்டுக் காசுதானே என்று நான் மற்றவர்களிடம் சொன்னேன். வெறும் விளையாட்டுக் காசு என்றால் அந்த 75ஐ நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை?

இப்போது என் கருத்து இது. நூல் சொல்வது புள்ளியைப் பற்றி. காசைப் பங்கிடுவது ஆடுகிறவர்கள் பொறுப்பு. பங்கு, உள்ளே இறங்கியவர்களுக்கு. வெளியே ஏறி வந்தவர்களுக்கு மட்டும் அன்று. இறந்தவனுக்குப் பங்கு கொடுத்தால் சாவுக்கு அச்சமே இராது என்று எங்கள் குழுவிலேயே ஒருவன் மறுக்கிறான். நான் ஒப்பவில்லை. மாண்டவன் சேர்த்த புள்ளியெல்லாம் போய், புதுப் பாத்திரத்தோடு முதற்படியிலிருந்து தொடங்குகிறான். அச்சத்துக்கு அது போதும். மேலும் அதே நூலில், கதை நடத்துபவர் அனுமதித்தால் வாரிசு ஒருவரைக் குறித்து வைக்கலாம் என்றும், உள்ளூர் அதிகாரிகள் 10 விழுக்காடு வரி எடுத்துக்கொள்வார்கள் என்றும் இருக்கிறது. (அந்த உலகத்திலும் அதிகாரிகள் தவறுவதில்லை!) அதன்படி 300இல் 30 போக, 270 பொற்காசு என் நண்பனின் புதுப் பாத்திரத்துக்குச் சேர வேண்டும்.

சேர்த்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு முறையும் இறங்கும் முன்பே, பங்கையும் வாரிசையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். செப்புக்காசு இன்னும் கல்லறைத் தரையில்தான் சிதறிக் கிடக்கிறது: 3,000 காசு, 300 பவுண்டு எடை, 30 பொற்காசு மதிப்பு. அதைச் சுமந்து வரக் கோவேறு கழுதை வாங்கலாம் என்கிறான் நண்பன். விலைப்பட்டியலைப் பார்த்தேன். கழுதையின் விலையும் 30 பொற்காசுதான்.